பெட்டிப் பாம்பின் பட்டினி

சிலாபத்தை அடுத்த முன்னேசுவரத்தில் ஆவணித் திருவிழா நடக்கும் நாட்களிலும், கற்பிட்டிக் குடாநாட்டிலே தலவில் புனித அன்னம்மாள் கோவிலுக்கு யாத்திரிகர் திரளும் காலத்திலும், வீதியோரத்து மரநிழலில் ஒரு சிறு கூட்டம் வட்டமாகக் கூடிநிற்பதைக் கண்டவர் பலர் இருப்பர். வட்டத்தின் நடுவே தலைப்பாகை கட்டிய ஒருவர் குந்தியிருப்பார். அவர்முன் பிரம்பினாற் பின்னிய தட்டையான கூடை. மூடியை விரலாற் சுண்டித் திறந்ததும் உள்ளேயிருந்து நாகம் எழுந்து படமெடுக்கும். மகுடி ஊதும், பிள்ளைகள் ஓரடி பின்வாங்குவர், சில்லறை விழும், மூடி மறுபடியும் மூடப்படும், கூட்டம் கச்சான் கடையை நோக்கிக் கலைந்துபோகும். அந்த நாகம் கடைசியாக என்றைக்கு உணவு உண்டது என்று கேட்டவர் அக்கூட்டத்தில் ஒருவராவது இருந்திருப்பாரோ என்பது ஐயமே.

கேட்டிருந்தால், உண்மை பேசும் பாம்பாட்டியாயின், "அது சாப்பிடாது ஐயா" என்றே விடையிறுத்திருப்பார். அடங்கி ஒடுங்கி இருப்பவரைப் பெட்டிப் பாம்புபோல இருக்கிறார் என்பது தமிழ் வழக்கு. பெட்டிப் பாம்பு ஏன் அப்படி அடங்கியிருக்கிறது என்பதை அவ்வழக்கு ஆராயவில்லை. அது பெரும்பாலும் பட்டினி கிடக்கிறது. நோயுற்றும் கிடக்கிறது. உண்ண மறுக்கும் பாம்பை உண்ணச் செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள். விந்தையான பொருளாகச் சில நேயர்களுக்குத் தோன்றலாம். ஆனால், அந்தக் கூடையை நம்பிச் சோறுண்ட குடும்பங்கள் புத்தளம் பகுதியில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன. நாகம் இறந்தால் அடுப்பு அணையும் என்ற நிலை அவர்களுடையது.

இக்கூடைக்கு உரியவர்களைச் சிங்களத்தில் அஹிகுண்டிகர் என்பர். 'அஹி' என்பது பாம்பைக் குறிக்கும் வடசொல். தமிழர் அவர்களைக் குறவர் என அழைப்பர். வீட்டினுள்ளே அவர்கள் பேசும் மொழி தெலுங்கு; வெளியே சிங்களமும் தமிழும் அவர்களுக்குத் தடையின்றி வரும். ஆண்கள் பாம்பும் குரங்கும் ஆட்டுவர். பெண்கள் கைரேகை பார்த்துக் குறி சொல்லுவர். மூட்டை முடிச்சுகளைக் கழுதைமேல் ஏற்றி, ஓரிடத்தில் ஒரு வாரத்துக்குமேல் தங்காது ஊரூராய்த் திரிந்த இவர்கள், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அனுராதபுரம், புத்தளம், அம்பாறை முதலிய மாவட்டங்களிலே நிலையான குடியிருப்புகளில் அமர்ந்து விட்டனர். தம்புத்தேகமைக்கு அண்மையிலுள்ள குடாகமை இவற்றுள் பலரறிந்தது. இளைஞருட் பலர் இன்று கூடையைத் தொடுவதில்லை. எனினும் பாம்பைக் கையாளும் முறையில் அவர்களுடைய முதியோரிடமுள்ள அறிவு அற்பமானதன்று. பாம்பு இரைதேடும் வழி, அது பதுங்கும் புற்று, தோலுரிக்கும் காலம் ஆகியவற்றை ஏடு பாராமலே அவர்கள் அறிவர். அந்த அறிவோடு சில பழைய தவறுகளும் சேர்ந்தே வந்திருக்கின்றன என்பதும் மெய்யே.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்ளல் வேண்டும். உண்ணாதிருத்தல் பாம்புக்கு மனிதனுக்குள்ளது போன்ற ஆபத்தன்று. நாம் உண்ணும் உணவின் பெரும்பகுதி நமது உடலின் சூட்டைக் காப்பதற்கே செலவாகிறது. பாம்புக்கு அச்செலவு இல்லை. வெயிலும் மணலும் அதற்குச் சூட்டை இலவசமாகக் கொடுக்கின்றன. ஆகவே, வளர்ந்த நாகமொன்றுக்கு வாரத்துக்கு ஓர் எலி, சில வேளைகளில் பத்து நாளைக்கு ஓர் எலி போதுமானது. அமெரிக்க ஆய்வாளரான மார்ஷல் மெக்கியூ 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதனை மேலும் விளக்குகிறது. சாரை இனம், மலைப்பாம்பு இனம், கிலுகிலுப்பைப் பாம்பு இனம் என மூவகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் அவர் உணவின்றி வைத்துப் பார்த்தார். அவை தம் உடலின் உள்ளியக்கத்தை நூற்றுக்கு 72 பங்குவரை குறைத்துக்கொண்டன. இன்னும் வியப்பு யாதெனில், பட்டினி கிடந்த காலத்திலும் அவை நீளத்தில் வளர்ந்தன.

உண்ட பின்னரோ நிலைமை தலைகீழாகிறது. பர்மிய மலைப்பாம்பு ஒரு பெரிய இரையை விழுங்கிய ஓரிரு நாட்களுக்குள் அதன் உள்ளியக்கம் நாற்பது மடங்குக்கு மேலும் உயரக்கூடும் என்று ஸ்டீபன் சீக்கர், ஜாரெட் டயமண்ட் என்னும் அறிஞர்கள் 1990களிற் கண்டறிந்தனர். குடல் தடிக்கிறது, இருதயமே பருக்கிறது. செரித்து முடிந்ததும் எல்லாம் பழையபடி சுருங்கிவிடுகின்றன. விருந்துக்கு மட்டும் பந்தலிட்டு, விருந்து முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடும் வீட்டுக்காரனைப் போன்றது பாம்பின் வயிறு. இதை அறியாதவர்தாம் ஒரு வாரம் உண்ணாத பாம்பைப் பார்த்துப் பதறி, வாயைப் பிளந்து எதையாவது ஊற்றத் தலைப்படுகின்றனர்.

பாம்பு தானே மேற்கொள்ளும் நோன்புகள் சில உண்டு. தோலுரிக்கும் காலம் அவற்றுள் முதன்மையானது. சட்டை கழற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர் அதன் நிறம் மங்கும். கண்கள் நீலம் பாய்ந்து பால்போல வெளுக்கும். அப்போது பார்வை தெளிவில்லை. பார்வை தெளியாத பாம்பு இரையை நாடாது. தன்னைத் தொடுபவரைச் சீறும். பின்னர்க் கண் தெளியும். சில நாளிற் சட்டை கழலும். அதற்குப் பின்னர்ப் பசியும் வரும். இணைசேரும் பருவத்தில் ஆண்பாம்பு இரையை மறந்து திரியும். சினைப்பட்ட பெண்பாம்பும் வயிற்றில் இடமின்மையால் உண்பதைக் குறைத்துக்கொள்ளும். ஈழத்தார் வெங்கிணாந்தி என்று சொல்லும் மலைப்பாம்பு, முட்டையிட்டபின் அவற்றைச் சுற்றிவளைத்து ஏறக்குறைய இரண்டு மாதம் அடைகாக்கிறது. அக்காலத்தில் அது பெரும்பாலும் உண்பதில்லை. தசைகளை விட்டுவிட்டு நடுக்கி, அந்நடுக்கத்தாற் பிறக்கும் சூட்டை முட்டைகளுக்கு ஊட்டுகிறது. குளிர்ந்த குருதிப் பிராணி எனப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் ஒன்று தாயான போது தானே அடுப்பாகிவிடுகிறது.

தென்னந்தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி பயன்படும். உரிமட்டைக் குவியலுக்கு அடியிலோ கிடுகுக் கட்டின் கீழோ அகப்படும் பாம்புக் குட்டியைப் போத்தலில் அடைத்து, அன்று மாலையே தும்பியையும் வெட்டுக்கிளியையும் பிடித்துப் போடுவது சிறுவர் வழக்கம். குட்டி ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. முட்டையினுள்ளிருந்து கொண்டுவந்த மஞ்சட்கரு இன்னும் அதன் வயிற்றிலிருக்கிறது. முதன்முறை தோலுரிக்கும் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள் வரை, அதற்கு இரை வேண்டுவதில்லை. தவிரவும், தும்பி அதன் உணவே அன்று. விரியன் குட்டிக்குப் பிறக்கும்போதே நஞ்சு உண்டு என்பதைப் பெற்றோர் இவ்விடத்தில் நினைவூட்டுதல் நலம். போத்தலைத் திறந்து பார்க்கும் பிள்ளைக்கு அது குட்டியா தாயா என்ற வேற்றுமை பயன்படாது.

இனி, சிறைப்பட்டதனால் உண்டாகும் பட்டினியை நோக்குவோம். இங்கேதான் பேச்சின் உயிர்நிலை இருக்கிறது.

பாம்பாட்டியின் நாகம் உண்ணாமைக்குப் பல காரணங்கள் இருப்பினும், முதற்காரணம் அதன் வாயிலேயே உள்ளது. தொழிலுக்கு வரும் நாகத்தின் நச்சுப்பற்களைப் பிடுங்கிவிடுவது பழைய வழக்கம். பிடுங்கிய இடம் புண்ணாகும். நச்சுப்பல் மறுபடியும் முளைக்கும் இயல்புடையதாகையால், சில வாரங்களுக்கொருமுறை பிடுங்கல் தொடரும். புண் ஆறுவதற்கு முன்னரே அடுத்த புண் வந்து சேரும். ஈறு வீங்கிச் சீழ்பிடித்துப் பாலாடை போன்ற கழிவு வாயில் நிறைந்துவிடும். இதனை வாய் அழுகல் நோய் என்பர். இந்நோய் தாடையெலும்பு வரை பரவக்கூடியது. வாய் மூடாத பாம்பு, வாயோரத்தில் நுரை தள்ளும் பாம்பு, கூடையின் ஓரத்தில் மூக்கை ஓயாது உரசும் பாம்பு ஆகியவற்றைக் கண்டால் இரையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. மிருக வைத்தியரைப் பற்றியே பேசல் வேண்டும். பல்வலியால் முகம் வீங்கியவனை விருந்துக்கு அழைத்து, ஏன் உண்ணவில்லை என்று கோபிப்பவர் உண்டோ?

இரண்டாவது காரணம் பால். புற்றுக்குப் பால் வார்ப்பது நம் முன்னோரின் பக்திச் செயல். அதனை இழித்துரைக்க வேண்டியதில்லை. புற்றில் ஊற்றிய பாலை மண் குடிக்கிறது, பாம்புக்கு அதனால் ஒரு கேடுமில்லை. கூடைப் பாம்பின் கதை வேறு. பால் பாலூட்டிகளின் உணவு. பாம்புக்கு அதனைச் செரிக்கும் ஆற்றல் இல்லை. பின்னர் அது பால் குடிப்பதைப் பலர் கண்ணாற் கண்டதாகச் சொல்வது எங்ஙனம்? தண்ணீர் காட்டாது பல நாள் காயவைத்த பாம்பு, நாவறண்டு, முன்னே வைத்த எந்தத் திரவத்திலும் வாயை வைக்கும். அது தாகம், பசியன்று, பக்தியுமன்று. இந்தியாவில் நாகபஞ்சமி நாளுக்கென்று பிடிக்கப்படும் நாகங்களைப் பல நாள் தண்ணீரின்றி வைத்திருப்பதும், வாயைத் தைத்துவிடுவதுங்கூட, பிராணிநல அமைப்புகளினால் வெளிப்படுத்தப்பட்ட உண்மைகள். வாயைப் பிளந்து ஊற்றும் பால் நேரே மூச்சுக்குழலுள் இறங்குவதும் உண்டு. பாம்பின் மூச்சுக்குழல் வாய்த்தரையின் முன்பகுதியிலேயே திறந்திருக்கிறது; பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு முட்டாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அவ்வேற்பாடே பால் ஊற்றும் கைக்கு முன்னால் எமனாகிவிடுகிறது. நுரையீரலில் பால் சேர்ந்த பாம்பு சில நாளில் இறக்கும். சாமி கோபித்து உயிரை விட்டது என்று சொல்லிப் புதைப்பர்.

முட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகம் பறவை முட்டையையும் கோழிக்குஞ்சையும் விழுங்குவது உண்மை. கோழிக்கூட்டில் நாகம் கண்டவர் இதனை மறுக்கமாட்டார். அதற்காகக் கடைமுட்டையை உடைத்து மஞ்சட்கருவைத் தொண்டையில் ஊற்றுவது சரியாகாது. முழு எலியில் எலும்பும் தசையும் ஈரலும் சேர்ந்தே இருக்கின்றன. அந்த நிறைவு ஊற்றிய கருவில் இல்லை.

மூன்றாவது காரணம் அச்சம். திறந்த கூடை, நாலுபுறமும் கண்கள், ஓயாத தட்டல், இடையிடையே கைப்பிடி. இவ்வளவுக்கும் நடுவே எந்தப் பிராணி உண்ணும்? மகுடியின் இன்னிசைக்கு நாகம் மயங்கி ஆடுகிறது என்பது அழகான கற்பனை. அது ஊதுபவரின் கையசைவையும் மகுடியின் அசைவையும் கண்கொட்டாது நோக்கி, அடிவிழுமோ என்று தன்னைக் காத்துநிற்கிறது. பாம்புக்கு இமையே இல்லையாதலாற் கண்கொட்டுவது எப்படியும் இயலாது. அது வேறு விஷயம். நாளெல்லாம் போர்க்கோலத்தில் நிற்கும் ஒன்றுக்கு இரவில் இரை வைத்தாலும் இறங்குவதில்லை.

ஆகவே பசியை மீட்கும் முதல் மருந்து இருட்டு. உடல் முழுவதும் சுவரிலே படும்படியான ஒடுங்கிய மறைவிடம் பாம்புக்கு வேண்டும். கவிழ்த்த மண்சட்டியின் விளிம்பில் ஒரு துவாரம் செய்து வைத்தாலே போதும். நல்ல தண்ணீர் எப்போதும் இருத்தல் வேண்டும். பின்னர் ஒரு வாரம் எவரும் அதனைத் தொடலாகாது, எட்டிப் பார்க்கவும் ஆகாது. இந்த ஒரு வாரத்தைக் கடைப்பிடிக்க மாட்டாதவர்களே பெரும்பாலார். பாம்பை வளர்ப்பவர்க்கு வேண்டிய குணம் துணிவன்று, பொறுமையே என்பது தொழிலறிந்தோர் கூற்று.

அடுத்தது சூடு. புத்தளம், கற்பிட்டி, உடப்பு ஆகிய கரையோர ஊர்களில் ஆண்டு முழுவதும் வெப்பம் பெரிதாக மாறுவதில்லையாதலால் இக்குறை அதிகம் தோன்றாது. சீமெந்துத் தரையிலே மாரிக்காலத்து ஈரத்தில் வைத்த பாம்புக்கும், மலைநாட்டுக்குக் கொண்டு சென்ற பாம்புக்கும் இது தோன்றும். உடல் குளிர்ந்தால் செரிமானம் நிற்கும். வயிற்றிலே இரை அழுகும். பாம்பு அதனைக் கக்கிவிடும். கக்கிய பாம்புக்கு உடனே மறு இரை கொடுப்பது பெருந்தவறு. பத்து நாள் விட்டு, முன்னையதிற் பாதியளவு இரையையே கொடுத்தல் வேண்டும்.

இரையை அறிதல் அதற்கும் மேலானது. பாம்பு என்றொரு பொதுப்பெயரால் எல்லாவற்றையும் அழைத்துவிடுகிறோம். அவற்றின் நாவோ பலவகை. சாரை தவளையையும் எலியையும் விரும்பும். பச்சைப் பாம்பு ஓணானையும் பல்லியையும் தேடும். கட்டுவிரியன் பெரும்பாலும் பிற பாம்புகளை விழுங்கும். புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் முதலிய வறண்ட மணற்கரைகளில் வாழும் சுருட்டை விரியன் தேளையும் பூரானையும் விட்டுவைப்பதில்லை. தவளை தின்னும் பாம்பின்முன் எலியை வைத்து, அது மறுக்கிறது என்று முறையிடுவது, சைவரின் இலையில் மீனைப் படைத்துவிட்டு அவர் உண்ணவில்லை என்று குறைசொல்வதை ஒக்கும்.

பாம்பு நாவினால் மணம் அறிகிறது. இரட்டை நாவின் நுனி காற்றிலுள்ள துகள்களைத் திரட்டி மேலண்ணத்திலுள்ள ஒரு நுண்ணுறுப்பில் ஒப்படைக்கிறது. இந்த உண்மையை வைத்தே வளர்ப்போர் ஒரு தந்திரம் செய்வர். இறந்த எலியைக் கழுவி அதன் மணத்தைப் போக்கி, தவளையின் தோலில் அல்லது பல்லியின் உடலில் உரசிக் கொடுப்பர். மணத்தை நம்பிப் பாம்பு எலியை விழுங்கும். ஒவ்வொரு முறையும் மணத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துவர, நாலைந்து இரைக்குப் பின்னர் எலியையே இரையென ஏற்றுக்கொள்ளும். மலைப்பாம்புக்கு மேலுதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகள் உள்ளன. அதற்குக் கொடுக்கும் இரை உயிருள்ள பிராணியின் சூட்டோடு இருத்தல் வேண்டும். வெந்நீரில் சிறிது நேரம் இட்டுத் துடைத்தாற் போதும். இருள் சூழும் நேரத்தில், நீண்ட இடுக்கியாற் பிடித்து, மெல்ல அசைத்துக் காட்டுவர். ஏற்காவிடில் வைத்துவிட்டுப் போய்விடுவர்; விடியும்போது இரை அங்கிருந்தால் அகற்றுவர். இவ்வளவே.

உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு உறங்கச் செல்பவர்கள் உண்டு. பசியற்ற பாம்பு எலியைத் தொடாது. எலிக்கோ பசி உண்டு. விடிந்து பார்க்கையில் பாம்பின் முதுகு எலும்பு தெரியக் கறிக்கப்பட்டிருக்கும். இரையும் இரைகொள்வதும் இடம்மாறிப்போன இக்காட்சியைக் கண்டவர் மறவார்.

பட்டினியின் கணக்கை நாளினால் அளப்பதிலும் நிறையினால் அளப்பதே முறை. வாரத்துக்கொருமுறை பாம்பைத் துணிப்பையிலிட்டு நிறுத்து, கொப்பியில் திகதியுடன் குறித்து வைத்தல் வேண்டும். இரண்டு மாதம் உண்ணாதிருந்தும் நிறை குறையாத பாம்புக்கு ஆபத்தில்லை. உடல்நிறையிற் பத்திலொரு பங்கு குறைந்துவிட்டது, முதுகெலும்பு வரம்புபோல மேலெழுந்துவிட்டது, தோல் மடிப்பு விழுந்துவிட்டது என்றால் காத்திருத்தல் தகாது. உண்ணியும் குடற்புழுவும் பாம்புக்கு உண்டு. அவற்றை ஆராய்ந்து மருந்து கொடுக்க மிருக வைத்தியரால் இயலும். மென்மையான குழாயை இரைப்பை வரை செலுத்தி நீர்த்த உணவை ஊட்டவும் அவரால் இயலும். அது வைத்தியர் கையினால் நடக்கவேண்டிய காரியம்.

வலிந்து ஊட்டுவதற்கு வரலாற்றில் ஒரு பேர்பெற்ற உதாரணம் உண்டு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிச் சாலைக்கு ஒரு பெரிய மலைப்பாம்பைக் கொண்டுவந்தனர். டயாப்ளோ என்று அதற்குப் பெயரிட்டனர். பிசாசு என்பது அப்பெயரின் பொருள். பிசாசு உண்ண மறுத்துவிட்டது. பல ஆட்கள் வரிசையாக நின்று அதன் உடலை நேராகப் பிடித்துக்கொள்ள, அரைத்த இறைச்சியைக் குழாய் வழியாக உள்ளே திணித்தனர். அந்நிகழ்ச்சியைக் காண்பதற்கென்றே மக்கள் திரண்டனர். பாம்பு தானே இரையை உண்டிருக்குமாயின் அவ்வளவு கூட்டம் கூடியிராது. முன்னேசுவரத்து வீதியோரத்து வட்டத்துக்கும் சான் டியேகோவின் கூட்டத்துக்கும் அதிக வேறுபாடு காணல் அரிது.

இனிக் கடலுக்குப் போவோம். புத்தளத்தைப் பேசிவிட்டுக் கடலைப் பேசாதிருக்க முடியாது. உடப்பிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் கரைவலை இழுக்கும்போது, மீனோடு கடற்பாம்பும் வந்து மணலில் நெளியும். மீனவர் அதனைக் கழியால் எடுத்துக் கடலில் எறிந்துவிடுவர்; அவர்கள் செய்வது சரி. சில சிறுவர் அதனை வாளியிலிட்டு உப்புநீரும் சிறுமீனும் போட்டு வளர்க்கப் பார்ப்பதுண்டு. கடற்பாம்பின் நஞ்சு கொடியது. வாளி விளையாட்டு உயிரோடு விளையாடுவதாகும். அவ்வாறு வைத்த பாம்பு மீனைத் தீண்டுவதுமில்லை. கடற்பாம்புகளில் ஒன்று கெளிற்று மீனையே பெரிதும் நாடும். சிறுத்த தலையும் மெலிந்த கழுத்துமுடைய சில இனங்கள், சேற்றுவளையினுள் தலையை நுழைத்து விலாங்கு இன மீன்களையே பிடிக்கும். வாளிக்குள் வளை ஏது?

அதனினும் விந்தையானது அதன் தாகம். கடலிலே பிறந்து கடலிலே வாழும் பாம்பு கடல்நீரைக் குடித்து உயிர்வாழ்கிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஹார்வி லில்லிவைட் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய தோழரும் இந்நூற்றாண்டிற் செய்த ஆராய்ச்சிகள் வேறு விதமாகக் காட்டின. தாகமுற்ற கடற்பாம்பு உப்புநீரைத் தொடாது. மழை பெய்யும்போது நன்னீர் பாரம் குறைந்ததாகையால் கடலின் மேற்பரப்பில் ஒரு படலமாக மிதக்கும். அதனையே அது குடிக்கும். மழையில்லாத மாதங்களில் தாகத்தோடு காத்திருக்கும். உப்பு விளையுமளவுக்கு வெயில் காயும் புத்தளக் கரையிலே, கோடையிற் களப்பின் நீர் கடலிலும் உவர்ப்பேறும் இடத்திலே, அக்காத்திருப்பு எத்துணை நீண்டதாகுமென்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். களப்பின் சேற்றில் அரத்தைப் போலச் சொரசொரத்த தொளதொளத்த தோலுடைய நஞ்சற்ற பாம்பொன்றும் வாழ்கிறது. உள்ளியக்கம் மிக மந்தமானது. நெடுநாள் உணவின்றி இருக்க வல்ல அதற்கும் குடிக்க நன்னீர் வேண்டும். ஆகவே, வாளியிலுள்ள பாம்பு உண்ணாமைக்கு மீன் காரணமன்று. அதற்கு நன்னீர் இல்லை.

பாம்பின் பட்டினியை மிகவும் எளிதாகத் தீர்த்துக்கொண்டவர்கள் தமிழகத்து இருளர் என்று சொல்லலாம். பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972 ஆம் ஆண்டின் இந்திய வனவிலங்குச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பைப் பறித்தன. 1978 இல், மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள வடநெம்மேலியில், ரோமுலஸ் விட்டேக்கர் முதலியோரின் துணையோடு இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் அவர்கள் பிடித்துவந்து, மணல் இட்ட மண்பானைகளில் வைத்து, வாயைத் துணியாற் கட்டிவிடுவர். பானையின் இருளும் குளிர்ச்சியும் பாம்பை அமைதிப்படுத்தும். வாரத்துக்கொருமுறையாக நான்கு முறை நஞ்சு எடுப்பர். பல்லைப் பிடுங்குவதில்லை; பல்தானே அவர்களுடைய முதல். பின்னர் வயிற்றுச் செதிலொன்றில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டிலே விட்டுவிடுவர். அடையாளம் உள்ள பாம்பை மறுபடி பிடித்தால், செதில் வளர்ந்து அடையாளம் மறையும்வரை அதனிடம் நஞ்சு எடுப்பதில்லை. ஒரு மாத அளவில் பாம்பு வீடு திரும்பிவிடுகிறது. அவ்வளவு காலப் பட்டினி அதற்கு ஒரு பொருட்டன்று என்பதை மெக்கியூவின் ஆராய்ச்சி வருவதற்கு நெடுங்காலம் முன்னரே இருளர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அந்த நஞ்சு இந்திய மருந்துச்சாலைகளிற் குதிரைகளுக்கு ஏற்றப்பட்டு, நஞ்சுமுறி மருந்தாகிறது. இலங்கை வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்து இந்தியாவிலிருந்தே நெடுங்காலமாக வருகிறது. 2016 இல் வெளிவந்த நாடு தழுவிய மதிப்பீடொன்று, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு தீண்டுவதாகவும், 400 பேர் மாள்வதாகவும் கூறுகிறது. வெங்காயத் தோட்டத்தில் விரியன் தீண்டிய ஒரு கற்பிட்டி விவசாயியின் உயிரைக் காப்பதில், வடநெம்மேலியின் மண்பானையில் ஒரு மாதம் நோன்பிருந்த பாம்புக்கும் பங்கிருக்கலாம்.

இலங்கையின் நிலைமையிலே சட்டத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். வனவிலங்குகளையும் தாவரங்களையும் காப்பதற்கான 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு, 2009 இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. மலைப்பாம்பைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றமாகும். ஆசைக்கு வளர்க்கும் பாம்பு உண்ணவில்லையே என்று வருந்துபவர், அதன் பசியை மீட்கும் வழியைத் தேடுவதற்கு முன்னர், அது தம் வீட்டிலிருக்கலாமா என்பதைத் தேடுதல் வேண்டும். தெஹிவளை மிருகக்காட்சிச் சாலையை அரசாங்கம் 1936 இல் பொறுப்பேற்ற காலந்தொட்டு அங்கே பாம்புகள் வளர்க்கப்பட்டு வருகின்றன. பாம்பின் இயல்பைப் பார்த்தறிய விரும்புவோருக்கு அந்த இடம் உண்டு.

கூடையோடு திரிந்த முதியவர்களிடத்திலும் இவ்வறிவு இல்லாமற் போகவில்லை. உண்ண மறுத்து மெலிந்துபோகும் நாகத்தைச் சாகும்வரை வைத்திராமல், பிடித்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் அவர்களுட் சிலரிடம் இருந்தது. கூடையை மணலிற் சாய்த்து மூடியை அகற்றிவிட்டு, அவர் எட்டப் போய் நிற்பார். நாகம் உடனே வெளிவருவதில்லை. நெடுநேரம் சென்று தலைநீட்டி, நாவைத் துழாவி, படமெடாமலே பற்றைக்குள் நழுவிப் போகும். வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு அவர் நடப்பார். அடுத்த பாம்பு அகப்படும்வரை அவ்வீட்டில் மனைவியின் கைரேகைச் சில்லறையே சோறு.